ஸ்போர்ட்ஸ் பைக்கில் வளைவுகளைப் பழகுவது எப்படி?

150 சிசி பைக்கிலிருந்து ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாறி நான்கு மாதம் ஆகிறது என்கிறீர்கள். நேர்சாலையில் பயமில்லை, வளைவு வந்தால் உடம்பு இறுகிப்போகிறது, பைக் தானாக வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. டயரின் ஓரம் இன்னும் புதிதாகவே இருக்கிறது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இன்னும் அதிகமாகச் சாய்க்க எப்படிப் பழகுவது என்பது உங்கள் கேள்வி.

அந்தக் கேலியை முதலில் ஒதுக்கிவைத்துவிடுங்கள். டயரின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் பட்டையை வைத்து ஓட்டுநரை அளப்பதைப் போல ஆபத்தான பழக்கம் வேறு இல்லை. சாய்வு என்பது நாம் முயன்று செய்கிற செயல் அல்ல. எவ்வளவு வேகத்தில், எவ்வளவு குறுகலான வளைவில் போகிறோமோ, அதற்குத் தேவையான சாய்வு தானாக அமைந்துவிடுகிறது. 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 50 கிலோமீட்டரில் எடுத்தால் ஏறக்குறைய 21 பாகை சாய்ந்தால் போதும். 60 கிலோமீட்டரில் அது 30 பாகையை நெருங்கும். 70 என்றால் 38 பாகை. பத்துப் பத்தாகக் கூடுகிற வேகம் சாய்வை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று கவனியுங்கள். வளைவுக்குள் நுழையும்போது பத்து கிலோமீட்டர் கூடுதலாக வைத்திருந்தால், அதற்கான விலையை உள்ளே போன பிறகு சாய்வாகக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மனம் துணியாவிட்டால் பைக் வெளியே ஒதுங்கும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

எனக்கும் நடந்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கிய முதல் வருடம், வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு, பாதிக்கு மேல் இன்னும் குறுகுகிறது. வெளி ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல். வளைவு குறுகுவதை உணர்ந்த கணத்தில் என் கண் அந்தக் கல்லின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. தோள் இறுகியது, விரல் தானாக முன் பிரேக்கைப் பிடித்தது, பைக் நிமிர்ந்தது, நேராக அந்தக் கல்லை நோக்கியே போனது. சாலையோரச் சரளையில் சறுக்கி, கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். இதயம் அடங்கிய பிறகு வளைவுக்குள் நடந்துபோய்ப் பார்த்தேன். சாலை உலர்ந்திருந்தது, சுத்தமாக இருந்தது. அந்த வேகத்தில் அந்த வளைவை முடிக்க என் பைக்குக்கும் டயருக்கும் தாராளமாக முடிந்திருக்கும். முடியாமல் போனது என் கண்ணுக்கும் கைக்கும்தான்.

இது என் ஒருவனின் அனுபவம் இல்லை. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டுநரின் பிழையே காரணம் என்று அதில் இருக்கிறது. வழக்கமாகச் செய்த பிழையும் குறிப்பிடப்பட்டிருக்கிறது: அளவுக்கு மீறி பிரேக் பிடித்துச் சறுக்கி விழுவது, அல்லது வேகம் கூடியோ போதிய அளவு வளைக்காமலோ வெளிப்பக்கம் ஓடிப்போவது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அறிக்கை. பைக்குகள் அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டன. பயந்துபோன மனித உடம்பு மாறவில்லை.

ஆகவே கண்ணிலிருந்து தொடங்குங்கள். பைக் கண் போகும் இடத்துக்குப் போகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறோம். முன்சக்கரத்துக்குப் பத்து மீட்டர் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பவர், ஏற்கனவே கடந்துகொண்டிருக்கும் சாலையைத்தான் பார்க்கிறார். அவருக்கு எல்லாமே திடீரென்று வருவதாகத் தோன்றும், உடம்பு இறுகாமல் என்ன செய்யும்? பார்வையைத் தூக்குங்கள். வளைவில் சாலையின் இரண்டு ஓரங்களும் ஒன்றாகச் சேர்வதுபோல் தெரிகிற ஒரு புள்ளி இருக்கும். அதற்கு மேல் சாலை கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புள்ளி உங்களைவிட்டு விலகிக்கொண்டே போனால் வளைவு விரிகிறது, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறக்கலாம். அதே தூரத்தில் நின்றால் வளைவு சீராகப் போகிறது. உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு குறுகுகிறது, வேகம் குறைய வேண்டும். அந்தச் சுண்ணாம்புக் கல் வளைவில் இந்தப் புள்ளி என்னை நோக்கி ஓடி வந்திருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது கண் மட்டும் போனால் போதாது, முகவாயும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். கழுத்தைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. ஹெல்மெட்டின் விளிம்பு பாதிப் பார்வையை மறைத்துவிடும்.

அடுத்தது கை. ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, மணிக்கட்டு பாரம் தாங்குகிறது. பழைய பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்து பழகியவர் இங்கே வந்ததும் தன்னை அறியாமல் ஹேண்டில்பாரை ஊன்றுகோலாக்கிவிடுகிறார். இரண்டு கையும் விறைப்பாக ஊன்றியிருக்கும்போது ஒரு கை திருப்பப் பார்க்கிறது, மறுகை அதைத் தடுக்கிறது. ஓட்டுபவருக்கோ "பைக் திரும்ப மறுக்கிறது" என்று தோன்றுகிறது. பைக் மறுக்கவில்லை, உங்கள் மறுகைதான் மறுக்கிறது.

இதற்கு மருந்து கையில் இல்லை, தொடையில் இருக்கிறது. இரு முழங்கால்களாலும் பெட்ரோல் டேங்கைப் பிடியுங்கள். வயிற்றுத் தசையால் மேலுடம்பைத் தாங்குங்கள். முழங்கை மடங்கி, தளர்ந்து, தரையைப் பார்த்து இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சோதனை: முழங்கையைச் சிறகுபோல் ஒருமுறை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லை என்றால், அல்லது அசைத்ததும் பைக் ஆடினால், ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

பைக் உண்மையில் எப்படித் திரும்புகிறது என்பதை உடம்பால் அறிந்துகொள்வது இந்த இடத்தில்தான். இதைத் தெரியாமலே பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நடக்கிற வேகத்துக்கு மேலே போய்விட்டால், வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை. கவுண்டர் ஸ்டியரிங் என்பது இதன் பெயர். முன்சக்கரம் ஒரு கணம் எதிர்ப்பக்கம் திரும்பி, பைக்கின் அடிப்பாகத்தை வெளியே இழுக்கிறது, மேல்பாகம் உள்ளே சாய்கிறது. சாய்ந்தபின் முன்சக்கரம் தானே வளைவின் பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஹாரி ஹர்ட்டின் அறிக்கையில், விபத்துக்குள்ளானவர்களிடம் இப்படித் தள்ளி விலகும் திறன் அநேகமாக இல்லவே இல்லை என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு மதியப் பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் அது.

ஆளில்லாத, அகலமான, நேரான இடத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போங்கள். வலது உள்ளங்கையின் அடிப்பகுதியால் கைப்பிடியை மெல்ல முன்னால் அழுத்துங்கள். பைக் வலது பக்கம் சாய்ந்து வலது பக்கம் போகும். அழுத்தத்தை விடுங்கள், நிமிரத் தொடங்கும். இடது உள்ளங்கையால் அதையே செய்யுங்கள். உடம்பை அசைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து முறை செய்தபிறகு, எவ்வளவு சிறிய அழுத்தம் போதுமானது என்பது ஆச்சரியமாக இருக்கும். மெல்ல அழுத்தினால் மெல்லச் சாயும், வேகமாக அழுத்தினால் வேகமாகச் சாயும். வளைவின் நடுவில் வெளியே ஒதுங்குகிறோம் என்று தோன்றினால் செய்ய வேண்டியதும் இதே அழுத்தம்தான்: உட்பக்கக் கையை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். வளைவில் திணறும் பலருக்குச் சாய்வு மிச்சம் இருக்கிறது. கேட்கத்தான் தைரியம் இல்லை.

இனி வேகம். முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள்: கியரும் பிரேக்கும் வளைவின் வாசலிலேயே முடிந்துவிட வேண்டும். உள்ளே நுழையும் வேகம் "இது கொஞ்சம் குறைவோ" என்று தோன்றுகிற அளவில் இருக்கட்டும். மெதுவாக நுழைந்தவருக்கு வளைவின் நடுவில் யோசிக்க நேரம் இருக்கிறது, வேகத்தைக் கூட்ட வழி இருக்கிறது. வேகமாக நுழைந்தவருக்குப் பிரார்த்தனை ஒன்றுதான் இருக்கிறது.

பிரேக்கைப் பிடிக்கும் விதத்தில்தான் நயம். முன் பிரேக் லீவரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள், அமுங்கி எடை முன்சக்கரத்துக்கு வரட்டும், டயர் தரையில் அழுந்தட்டும், அதன்பின் அழுத்தத்தைக் கூட்டுங்கள். விடும்போதும் அதே பொறுமை வேண்டும். பலர் பிரேக்கை அழகாகப் பிடிக்கிறார்கள், பட்டென்று விட்டுவிடுகிறார்கள். அமுங்கியிருந்த ஃபோர்க் துள்ளி எழும் அதே கணத்தில் பைக்கைச் சாய்க்கிறார்கள். முன்டயரில் அழுத்தம் இல்லாத நேரத்தில் அதனிடம் வேலை கேட்பது அது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டுக் கையை மெல்லத் தளர்த்துவதுபோல் விடுங்கள். இந்த விடுதல் கைவந்தபின், சாயத் தொடங்கும்போதும் பிரேக்கில் ஒரு மெல்லிய மிச்சத்தை வைத்திருந்து சாய்வு கூடக்கூட அதைக் கரைக்கக் கற்றுக்கொள்ளலாம். இதை டிரெயில் பிரேக்கிங் என்பார்கள். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு மட்டும் உரியது என்று சிலர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிர்பாராமல் குறுகும் வளைவு ரேஸ் டிராக்கைவிடச் சாலையில்தான் அதிகம். ஆனால் வரிசை முக்கியம். நேராகப் பிரேக் பிடிப்பது கைக்குப் பழகும் முன் இதைத் தொட வேண்டாம்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், டயரின் பிடிமானம் ஒரே ஒரு சம்பளம் போன்றது. பிரேக்குக்கும் வளைவுக்கும் அதிலிருந்துதான் செலவு. பிடிமானத்தில் 80 சதவீதத்தை வளைவுக்குக் கொடுத்துவிட்டால் பிரேக்குக்கு 60 சதவீதம் வரை மிச்சம் இருக்கும். கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று தோன்றலாம். இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் (ஒன்று பக்கவாட்டில், மற்றது முன்பின்னாக) செயல்படுவதால் அவற்றை நேராகக் கூட்டக் கூடாது. அதே கணக்கில், வளைவுக்கு 95 சதவீதம் போனால் பிரேக்குக்கு 31 சதவீதம்தான் கிடைக்கும். நிறையச் சாய்ந்திருக்கும்போது பிரேக்கை மெல்லத் தொடலாம், அதிரப் பிடிக்கக் கூடாது என்பதன் பொருள் இது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுப்பது ஏபிஎஸ். சாய்வை உணர்ந்து செயல்படும் ஏபிஎஸ் 2014 முதல் பைக்குகளில் வந்திருக்கிறது. உங்கள் பைக்கில் இருந்தால் நல்லது. இருக்கிற பிடிமானத்தைப் பக்குவமாகப் பங்கிடத்தான் அதற்குத் தெரியும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

ஆக்சிலரேட்டரைப் பற்றிச் சுருக்கமாக: சாய்ந்து முடித்ததும் ஒரு மயிரிழை திறந்து, வேகம் குறையாமல் இருக்கும் அளவில் பிடித்துக்கொள்ளுங்கள். வளைவின் முடிவு தெரிந்து, பைக் நிமிரத் தொடங்கும்போது நிமிர்வுக்கு ஏற்பக் கூட்டுங்கள். நடுவில் பயந்து பட்டென்று மூடுவதுதான் ஆபத்து. பெரிய எஞ்சின் மூடியதும் பின்சக்கரத்தைப் பலமாக இழுக்கும், எடை முன்னால் பாயும், பைக் குலுங்கும். குறைத்தே ஆக வேண்டுமென்றால் மெல்லக் குறையுங்கள், அதில் தவறில்லை. கையின் சிறு அசைவுக்கே பைக் துள்ளுகிறது என்றால் ஒரு கியர் மேலே போட்டு ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது கியரில் குதிக்கும் பைக் மூன்றாவதில் சாந்தமாகிவிடும்.

உடம்பை உட்பக்கம் நகர்த்துவது பற்றி எல்லோரும் கேட்பார்கள், படங்களில் அழகாகத் தெரிவதால். 1978-இல் 500 சிசி பைக் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற கென்னி ராபர்ட்ஸ் முழங்காலைத் தரையில் தேய்த்து ஓட்டும் முறையைப் பரவலாக்கினார். இன்றைய மோட்டோஜிபி உலகப் பந்தய ஓட்டுநர்கள் 60 பாகைக்கு மேல் சாய்கிறார்கள். அவர்களுடைய டயர், அவர்களுடைய சாலை, மணல் இல்லாத தரை எல்லாம் வேறு உலகம். பொதுச்சாலையில் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு ஓட்டுபவரிடம் அவசரத்துக்கான மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் அந்த உத்தியின் உள்ளே இருக்கும் நியாயம் நமக்கும் உதவும்: உடம்பின் எடை உள்ளே போனால், அதே வேகத்துக்குப் பைக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். சாலைக்கு, தலையும் தோளும் உட்பக்கக் கண்ணாடியை நோக்கிச் சற்று இறங்கினால் போதும். வேண்டுமானால் இருக்கையில் அரைப் பிருஷ்டம் நகரலாம், வெளிப்பக்கத் தொடை டேங்கில் பூட்டியிருக்க வேண்டும். எல்லாமே பிரேக் பிடிக்கும் முன் முடிந்திருக்க வேண்டும். சாய்ந்தபின் உடம்பை நகர்த்தினால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் நகர்த்துவீர்கள். அந்த இழுப்பு நேராக முன்சக்கரத்துக்குப் போகும். இன்னொன்று: பாதத்தின் முன்பகுதியால் கால்மிதியில் நில்லுங்கள், குதிகால் பக்கத்தால் அல்ல.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியான பயிற்சி. சாய்வைப் பழக வேகம் தேவையில்லை என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஆளில்லாத, சுத்தமான ஒரு மைதானத் தளத்தில் 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் குறித்துக்கொள்ளுங்கள். அதை மணிக்கு 25 கிலோமீட்டரில் சுற்றினால் சாய்வு 26 பாகை. இதே சாய்வு 50 மீட்டர் ஆர வளைவில் வர மணிக்கு 56 கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டிலும் டயர் உணர்வது ஒரே சாய்வுதான். ஆனால் 56-இல் விழுபவரின் இயக்க ஆற்றல் 25-இல் விழுபவருடையதைப்போல ஐந்து மடங்கு. எதிரே லாரி வராது, விளிம்பில் கல் இருக்காது. இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. ஆனாலும் முழுப் பாதுகாப்பு உடையோடு செய்யுங்கள், டயர் சூடாகட்டும் என்று முதல் சில நிமிடங்கள் நிதானமாகப் போங்கள்.

வட்டத்தில் 15 கிலோமீட்டரில் தொடங்கி, ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிடித்து, வட்டத்தின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி சுற்றுங்கள். தலை திரும்பியே இருக்க வேண்டும். சீராக வந்தபின் ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். எந்த இடத்தில் தோள் இறுகுகிறதோ அங்கே நில்லுங்கள், அந்த வேகத்திலேயே இறுக்கம் விலகும்வரை சுற்றுங்கள், பிறகு மேலே போங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே பக்கம் சுற்றினால் தலை சுற்றும், பக்கத்தை மாற்றுங்கள். ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும், அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான். கடினமான பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். அது கைவந்ததும் இரண்டு வட்டங்களை இணைத்து எட்டுப் போடுங்கள். ஒரு சாய்விலிருந்து மறுசாய்வுக்கு மாறும் அந்த நடுப்பகுதியில், நீங்கள் தள்ளித் திருப்புகிறீர்களா, தொங்கித் திருப்புகிறீர்களா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

மைதானத்தில் பழகியதைச் சாலைக்கு எடுத்துவரும்போது ஒரு மாற்றம் உண்டு. ரேஸ் டிராக்கில் வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே என்று முழு அகலத்தையும் பயன்படுத்துவார்கள். சாலையில் உங்களுக்கு இருப்பது உங்கள் பாதி மட்டும். அதிலும், சாயும்போது சக்கரம் கோட்டுக்குள் இருந்தாலும் தலை கோட்டைத் தாண்டி எதிர்வாகனத்தின் பாதைக்குள் போய்விடக்கூடும். பலர் இதை எண்ணிப்பார்ப்பதில்லை. நடுக்கோட்டின் பக்கம் சாயும் வளைவுகளில் தலைக்கும் இடம் ஒதுக்கி, சக்கரத்தைச் சற்று விலக்கி வையுங்கள். வெளிப்பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்து, வளைவின் உட்புறம் கண்ணுக்குத் தெரிந்தபிறகு தாமதமாகத் திரும்புங்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே உள்ளே போனவர்தான் வளைவின் முடிவில் வெளியே தள்ளப்படுகிறார். உங்கள் பைக் ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் எந்த வளைவுக்குள்ளும் போகாதீர்கள். வளைவுக்கு அப்பால் மணல் இருக்கலாம், நின்றுபோன பஸ் இருக்கலாம், மாடு இருக்கலாம்.

டயர் அழுத்தத்தை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பைக்கின் கையேட்டில் சொன்ன அளவே போதும். பந்தயக்காரர் யாரோ சொன்னார் என்று குறைக்க வேண்டாம். புது டயர் போட்டிருந்தால் முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் அடக்கமாக ஓட்டுங்கள், மேற்பரப்பு இன்னும் வழுக்கும். மழையில் சாலைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

நண்பர்களோடு கூட்டமாகப் போகும்போது கடைசியில் போங்கள். முன்னால் போகிறவரின் பின்விளக்கைப் பார்த்து ஓட்டினால் அவருடைய வேகமும் அவருடைய பிழையும் உங்களுடையதாகிவிடும். இன்னும் நல்லது, தெரிந்த ஒரு சாலையில், காலை நேரத்தில், தனியாக, உங்களால் முடிந்த வேகத்தில் 70 சதவீதத்தில் ஓட்டுவது. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் மட்டும்: இன்று கண், நாளை பிரேக்கை விடும் விதம், அடுத்த நாள் தளர்ந்த கை. மூன்றையும் ஒரே நாளில் திருத்த முயன்றால் எதுவும் நிற்காது.

வீட்டுக்கு வந்து கிளவுஸைக் கழற்றியதும் உள்ளங்கையைப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் சிவந்து, கோடு பதிந்து வலித்தால், அன்று எங்கோ கைப்பிடியை ஊன்றியிருக்கிறீர்கள். எந்த வளைவில் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக அதே வளைவில்தான் பைக் வெளியே ஒதுங்கியிருக்கும்.